வெள்ளிக்கிழமை வரிசையில் குல்லாய் இல்லை

எங்கள் பழைய ஹெட்மாஸ்டர் பொய் எழுதியிருக்கிறார்.

சில வாரங்களுக்கு முன் இதே பத்திரிகையில் அவருடைய கட்டுரை வந்தது. ஆம்பூர் ஹைஸ்கூலில் தாம் வேலை பார்த்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தார். நடை நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு எழுத வரும், எனக்கு வராது. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது: "தோல் வியாபாரம் செழித்த அவ்வூரில் முகம்மதியப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தின்மேல் நாட்டம் இருந்ததில்லை, நான் எவ்வளவோ பாடுபட்டும் அவர்களில் ஒருவனும் லைப்ரரிப் பக்கம் வரவில்லை."

பொய். அந்த லைப்ரரி அலமாரியைத் திறந்து மூடியவன் நான். அவன் எடுத்தான், இவன் எடுக்கவில்லை என்று சொல்ல யோக்கியதை உள்ளவன் நான்தான்.

இந்தத் தொடரில் என் பட்டாளத்துக் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். போன வாரம் எங்கள் கப்பல் பஸ்ராவை நெருங்கிக்கொண்டிருந்தது. கப்பல் இந்த வாரம் அங்கேயே நிற்கட்டும். கோபம் ஆறுவதற்குள் ஆம்பூர்க் கதையை எழுதிவிடுகிறேன்.

மத்தியான மணி

வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி அடித்ததும் பள்ளிக்கூடம் இரண்டாகப் பிரியும். முகம்மதியப் பையன்கள் கிணற்றடிக்கு ஓடுவார்கள். கை, கால், முகம் கழுவிக்கொண்டு, பையில் மடித்து வைத்திருக்கும் குல்லாயை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு மசூதிக்குக் கிளம்புவார்கள். கிணற்றிலிருந்து கேட் வரைக்கும் மண்ணில் ஈரக் கால் தடம் இருக்கும். கொஞ்ச நேரத்தில் வெயில் அதைக் குடித்துவிடும்.

அதற்குப் பிறகு வரும் அமைதி எனக்குப் பிடிக்கும். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தால் தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை வரும். சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் கலந்த வாடை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எங்களுக்கு அது காற்றின் வாடை, அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் ஹெட்மாஸ்டர் தம் மேஜையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுப்பார். வராந்தாவில் இரண்டு அலமாரிகள் இருந்தன. அதுதான் எங்கள் லைப்ரரி. கதவைத் திறந்தால் முதலில் காய்ந்த வேப்பிலை வாசனை. பூச்சிக்காகப் போட்டு வைத்தது. மீதிப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு புத்தகம், அடுத்த வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்கும் வகுப்பு மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும். அலமாரி பூட்டியாகிவிடும். சாவி மேஜைக்குப் போய்விடும்.

வாசகர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு லேசான விஷயம் ஒரு பி.ஏ. படித்த மனிதருக்குப் புரியாமல் போயிற்று.

டிரில் மாஸ்டரிடம் லைப்ரரி

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சண்டை முடிந்து ஊருக்கு வந்து, கொஞ்ச நாள் ராணிப்பேட்டையில் வேலை தேடி அலுத்துப்போய், இங்கே வந்து சேர்ந்தேன். கையை நீட்டு, காலை மடக்கு என்று சொல்வது என் தொழில். புத்தகத்துக்கும் எனக்கும் என்ன உறவு?

ஹெட்மாஸ்டர் ஒரு நாள் கூப்பிட்டார். என் மீசையைப் பார்த்தார்.

"புஸ்தகங்கள் காணாமல் போகின்றன. தமிழ்ப் பண்டிதர் தாட்சண்யப்படுகிறார். உம்மைப் போல் ஒரு ஆள்தான் வேண்டும்."

போலீஸ் வேலை பார்க்கத்தான் என்னைப் போட்டார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பையன்கள் அலமாரியிடம் வரும்போது அட்டென்ஷனில் நிற்க வேண்டும் என்று சொன்னேன். ஒரு மாதத்தில் அது போய்விட்டது. கையில் புத்தகம் வாங்கியவுடன் அங்கேயே திறந்து படிக்க ஆரம்பித்துவிடுகிறவனை எப்படி அட்டென்ஷனில் நிற்க வைப்பது?

அழுக்குப் புத்தகமே நல்ல புத்தகம்

"சார், நல்ல புக்கா ஒண்ணு குடுங்க சார்" என்பான் ஒருவன்.

"இன்னா மாதிரிடா வேணும்?"

"சண்டை இருக்கணும் சார். கடைசில எல்லாரும் செத்துடக் கூடாது."

நான் அந்தப் புத்தகங்களைப் படித்தவனில்லை. எனவே எனக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. புத்தகத்தின் ஓரத்தைப் பார்ப்பேன். ஆம்பூரில் பாதி வீட்டில் தோல் சம்பந்தம் உண்டு. அப்பாவின் ஷாப்பில், மாமாவின் ஷாப்பில் கை வைக்காத பையன் குறைவு. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கை வைத்தால் விரல் மஞ்சளாகிவிடும். சோப்புப் போட்டாலும் போகாது. அந்த விரல் பக்கத்தைத் திருப்பும்போது ஓரத்தில் மஞ்சள் ஏறும். எந்தப் புத்தகம் நன்றாக மஞ்சளாகியிருக்கிறதோ அது நல்ல புத்தகம். பாதி வரை மஞ்சள், பிறகு வெள்ளை என்றால் பாதியில் சலித்துப்போகிற புத்தகம். நான் ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

"இதைப் பார், கடைசிப் பக்கம் வரைக்கும் மஞ்சள். எடுத்துட்டுப் போ."

பையன்களுக்குப் புத்தகத்தின் பெயர் தேவையில்லை. கப்பல் புக்கு, பேய் புக்கு, திருட்டு நகை புக்கு என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பேய் புக்குக்காக ஒரு தடவை இரண்டு பேர் வராந்தாவில் கட்டிப் புரண்டார்கள். பிரித்துவிட்டுக் கதை என்ன என்று கேட்டேன். அடித்துக்கொண்ட இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எனக்குச் சொன்னார்கள்.

ஹெட்மாஸ்டரும் புத்தகம் சிபாரிசு செய்வார். தேகசுத்தத்தைப் பற்றி ஒன்று, சிக்கனத்தைப் பற்றி ஒன்று, காலையில் எழுந்திருப்பதைப் பற்றி ஒன்று. எல்லாம் பெட்டியிலேயே கிடக்கும் பட்டு வேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் இருக்கும். கலவை என்ற ஊரிலிருந்து வந்து படித்த ஒரு பையன் மட்டும் சுத்தப் புத்தகத்தை இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் எடுத்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. விசாரித்தேன். மயிலிறகு வைக்க அதுதான் கனமாக இருக்கிறதாம்.

சீல்

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

ஹெட்மாஸ்டரிடம் ஒரு பெரிய ரப்பர் சீல் இருந்தது. வட்டமாக, உள்ளங்கை அகலம். புதுப் புத்தகம் வந்தால் முதல் பக்கத்தில் தம் கையாலேயே குத்துவார். யாரையும் குத்த விடமாட்டார். ஊதா மசியை நன்றாகத் தோய்த்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் அழுத்துவார்.

ஒரு தடவை உருதுக் கதைப் புத்தகங்கள் ஒரு கட்டு வந்தன. தோல் மண்டி வைத்திருந்த ஹாஜியார் வாங்கிக் கொடுத்தவை. ஹெட்மாஸ்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, அட்டையைத் திறந்து, குத்திக்கொண்டே போனார்.

உருது வலமிருந்து இடம். புத்தகமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். இவர் முதல் பக்கம் என்று நினைத்துத் திறந்தது எல்லாம் கடைசிப் பக்கம். அத்தனை கதையின் முடிவின் மேலும் ஊதா நிறத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர் உட்கார்ந்துகொண்டது.

உருது சொல்லிக்கொடுத்த முன்ஷி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மெலிந்த மனிதர், உரக்கப் பேச மாட்டார். அன்று மட்டும் எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

"மாஸ்டர், கதாநாயகன் பொழைச்சானா செத்தானான்னு இனிமே நம்ம ஹெட்மாஸ்டரைத்தான் கேக்கணும்."

பிறகு பையன்கள் முன்ஷியிடமே போய் நின்றார்களாம். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. முதலில் பொறுமையாக யோசித்துச் சொன்னார். கொஞ்ச நாள் போனதும், "கல்யாணம் ஆச்சு. போ, போ" என்று எல்லாக் கதைக்கும் ஒரே முடிவைச் சொல்லிவிட்டார்.

ஹாஜியாரின் கேள்வி

அந்த ஹாஜியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெட்ராஸுக்குத் தோல் ஏற்றுகிறவர். அவர் கடந்து போனால் அத்தர் வாசனை முன்னால் வரும், தோல் வாடை பின்னால் வரும். பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. உருதும் தமிழும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். லைப்ரரிக்கென்று ஒரு தனி அறை கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அறை, அலமாரிகள், உட்கார்ந்து படிக்கப் பெஞ்சு, எல்லாம்.

ஒரு நாள் வந்து ஹெட்மாஸ்டரிடம் நேராகக் கேட்டார்.

"நம்ம புள்ளைங்க படிக்கறாங்களா?"

"உண்மையைச் சொல்ல வேண்டுமானால், இல்லை. நான் வாராவாரம் உட்கார்ந்து பார்க்கிறேன். வரிசையில் ஒரு குல்லாய் கூட இல்லை."

ஹாஜியாரின் முகம் சுருங்கிவிட்டது. "ஒருத்தன் கூடவா?"

"ஒருவன்கூட இல்லை. அந்த அறையை சயின்ஸ் வகுப்புக்குக் கட்டிக்கொடுத்தால் உபயோகமாக இருக்கும்."

"பார்க்கலாம். பரிசு நாள்ல வந்து சொல்றேன்" என்று எழுந்தார். வாசலில் என்னிடம், "படிக்காத பசங்களுக்கு அலமாரி இன்னாத்துக்கு மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். கோபமாகக் கேட்கவில்லை. வெட்கப்பட்டுக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. வரிசையில் குல்லாய் இல்லை, வாஸ்தவம். ஆனால் உருதுப் புத்தகங்களின் ஓரம் வாரத்துக்கு வாரம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

கோவிந்தனின் வியாபாரம்

மாதனூரில் விவசாயக் குடும்பத்துப் பையன் கோவிந்தன். ஆம்பூரில் மண்டித் தெருவில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். கயிறு இழுக்கும் போட்டியில் கடைசியில் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பானே, அந்த ஆள். நாலு பேர் இழுத்தாலும் அசையமாட்டான். படிப்பிலும் அப்படித்தான், அசையமாட்டான். ஆனால் வெள்ளிக்கிழமை வரிசையில் முதல் ஆள் அவன்தான். ஒவ்வொரு தடவையும் உருதுப் புத்தகம்தான் கேட்பான்.

ஹெட்மாஸ்டருக்கு அவனைப் பார்த்துப் பூரிப்பு. "பார்த்தீரா! தமிழ்ப் பையன், உருது படிக்கிறான். இவனல்லவா பிள்ளை!" என்பார்.

ஹாஜியார் வந்துபோனதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவனை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"டேய், உனக்கு உருது வருமா?"

"பேச வரும் சார். மண்டித் தெருவுலதான இருக்கேன்."

"படிக்க?"

"ஊஹூம்."

"பின்ன இன்னாத்துக்குடா வாராவாரம் எடுக்கற?"

"கபூருக்கு சார். என் தோஸ்த். அவன் படிச்சுட்டு அவங்க தெருப் பசங்களுக்குக் குடுப்பான். மாத்தி மாத்திப் படிச்சுட்டு வியாழக்கிழமை எங்கிட்ட வந்துடும்."

"அவனே வந்து எடுக்க வேண்டியதுதான?"

கோவிந்தன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வாத்தியார் என்பதால் சிரிக்கவில்லை.

"எப்டி சார் வருவான்? தொழுகைக்குப் போய்ட்றானே?"

அவ்வளவுதான் விஷயம். ஊரே பார்க்க நடந்துகொண்டிருந்தது. தமிழ்க் கதை வேண்டிய முகம்மதியப் பையன்களுக்கும் ஆளுக்கொரு தோஸ்த் இருந்தான். அந்த வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அடுத்தவனுக்காக நின்றவர்கள்.

"உனக்கு இதுல இன்னாடா லாபம்?"

"கதை சார். படிச்சுட்டு எனக்கு முழுசாச் சொல்லிடணும். சொல்லலன்னா அடுத்த வாரம் எடுக்க மாட்டேன். ஒரு தரம் சுருக்கிட்டான் சார். கண்டுபுடிச்சுட்டேன்."

"உருது படிக்கத் தெரியாம எப்டிக் கண்டுபுடிச்ச?"

"புக்கு தடிமன் ஜாஸ்தி. கதை கம்மி."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தன் பெயரில் எடுத்த புத்தகத்தை இன்னொருவனுக்குக் கொடுக்கக் கூடாது என்பது ஹெட்மாஸ்டர் போட்ட சட்டம். கொடுத்தால் பிரம்பு. ஆகையால் பையன்களை மாட்டிவிடாமல் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன். இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாக எழுத வந்தேன். பரிசு நாளுக்கு முன்பே, அவருடைய மேஜைக்கு முன்னால் நின்று சொன்னேன். முன்ஷியும் பக்கத்தில் இருந்தார்.

"சார், லைப்ரரியை வேற நாளைக்கு மாத்துங்க. வெள்ளிக்கிழமை அந்த நேரத்துல சாயபு வீட்டுப் பசங்க மசூதிக்குப் போய்ட்றாங்க. அவங்க எப்ப வந்து எடுப்பாங்க?"

"ஆர்வம் இருந்தால் தொழுகை முடிந்து வரட்டுமே."

"அதுக்குள்ள பூட்டிச் சாவியை உங்ககிட்ட குடுத்துட்றேனே சார்."

"டைம்டேபிளில் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நீர் டிரிலைக் கவனித்தால் போதும்."

வெளியே வந்தேன். பட்டாளத்தில் கூட என்னை ஒருவன் அப்படிப் பேசியதில்லை. முன்ஷி என் தோளைத் தட்டினார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க மாஸ்டர். அவரு எதையும் அந்தப் பக்கத்துலேர்ந்து தொறக்கறவரு."

பரிசு நாள்

பந்தலுக்குக் கீழே நாற்காலிகள். முன் வரிசையில் தோல் மண்டிக்காரர்கள், வக்கீல்கள். நடுவில் ஹாஜியார், வெள்ளைத் தலைப்பாகை. அவர் இன்று என்ன சொல்லப்போகிறாரோ என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். சயின்ஸ் வகுப்பு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இரண்டு அலமாரியும் வராந்தாவிலேயே மழையில் நனைந்து சாக வேண்டியதுதான்.

ஹெட்மாஸ்டர் அந்த வருஷம் புதிதாக ஒரு பரிசு வைத்திருந்தார், அதிகம் படித்த மாணவனுக்கு. எழுந்து பேசினார்.

"இந்தப் பரிசு மாதனூர் கோவிந்தனுக்கு. இவன் தமிழன். இவன் படித்ததோ உருது. ஆனால் அந்த பாஷைக்குச் சொந்தக்காரர்களான பிள்ளைகளோ..." என்று நிறுத்திப் பெருமூச்சு விட்டார்.

முன் வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோவிந்தன் மேடைக்கு வந்தான். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கழுத்து வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

ஹாஜியார் அவனைக் கூப்பிட்டார். அவனை மாட்டிவிட அல்ல. உண்மையான சந்தோஷத்தோடுதான் கூப்பிட்டார்.

"இங்க வா தம்பி. ஒரு பக்கம் படி, கேக்கலாம்."

மேஜையில் பார்வைக்கு வைத்திருந்த உருதுப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கறுப்புக் குதிரைக்காரன் கதை. பையன்கள் குதிரை புக்கு என்பார்கள். கோவிந்தன் அதை வாங்கினான். தமிழ்ப் புத்தகத்தைத் திறப்பது போல இடப்பக்கத்து அட்டையைத் திறந்தான்.

பந்தலின் கடைசியிலிருந்து ஒரு குரல் பதறியது: "அந்தப் பக்கம் இல்லடா!"

கபூரின் குரல். கத்திய பிறகுதான் தான் கத்தினது அவனுக்கே தெரிந்தது. ஒரே சிரிப்பு. ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. கோவிந்தனைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மேஜை மேலிருந்த பிரம்பைப் பார்த்தார்.

கோவிந்தன் என்னைப் பார்த்தான். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கயிறு இழுக்கும்போது நிற்பானே, அப்படிக் காலை அகல வைத்துக்கொண்டான்.

"எனக்குப் படிக்க வராது சாயபு. கதை தெரியும்."

"படிக்காம கதை எப்டிடா தெரியும்?"

"கபூர் சொன்னான். அவன்தான் படிச்சான், அவங்க தெருப் பசங்க எல்லாரும் படிச்சாங்க. நான் எடுத்து மட்டும் குடுத்தேன்."

"ஏன், அவனுக்குக் கால் இல்லியா? வந்து எடுக்க வேண்டியதுதான?"

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவன் எப்டி வருவான் சாயபு? உங்க பின்னாடி வரிசையில நின்னு தொழுதுக்கிட்டு இருப்பான்."

ஹாஜியார் மெதுவாக ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"புஸ்தகம் குடுக்கறது வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கா?"

"ஆமாம். அன்றைக்கு இடைவேளை நீளம். அது வீணாகப் போகக் கூடாதென்று..."

"அது ஏன் நீளம்?"

தொழுகைக்காகத்தான் அந்த இடைவேளையை நீளமாக்கியிருந்தார்கள். அவருக்கு முன்பிருந்த ஹெட்மாஸ்டர் காலத்திலிருந்தே அப்படி. தொழப் போகிறவர்களுக்கென்று விட்ட நேரத்தில் லைப்ரரியைத் திறந்து வைத்துக்கொண்டு, தொழப் போகிறவன் வரவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார் மனிதர்.

ஹாஜியார் அவரை விட்டுவிட்டார். பெரிய மனுஷர். கோவிந்தனிடம் திரும்பி, "சரி, கதையைச் சொல்லு" என்றார்.

சொன்னான். அந்தப் பையனுக்கு இலக்கணம் வராது, கணக்கு வராது. கதை வந்தது. கறுப்புக் குதிரை, பாலைவனம், பொய் சொன்ன மந்திரி, குதிரைக்காரன் குடித்த விஷம். வக்கீல்கள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள்.

"கடைசில கோட்டை வாசலாண்ட வந்து நின்னான். கதவு மூடியிருக்கு. உள்ளேர்ந்து ஒரு பொம்பளைக் குரல் கேட்டுச்சு."

நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?" என்றார் ஹாஜியார்.

"அவ்ளோதான் சாயபு."

"இன்னாடா அவ்ளோதான்? கதவைத் தொறந்தாங்களா இல்லியா?"

"தெரியல. முடிவு மேல ஹெட்மாஸ்டர் சீல் குத்திட்டாரு."

ஹாஜியார் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊதா வட்டம். அடுத்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் ஊதா வட்டம். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். தலைப்பாகை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முன்ஷி, சிரித்து என் ஜன்மத்தில் பார்த்திராத முன்ஷி, வேட்டி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாஜியார் எழுந்து நின்றார்.

"ரூம் கட்டித் தர்றேன். லைப்ரரிக்குத்தான். புஸ்தகம் குடுக்கற நாளை மட்டும் மாத்துங்க. கபூரு, நீயும் வா இங்க. பரிசு ரெண்டு பேருக்கும்."

பரிசு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம். கோவிந்தன் வாங்கிய கையோடு அதைக் கபூரிடம் தள்ளிவிட்டான். "நீ படிச்சுட்டுச் சொல்லு" என்று அவன் சொன்னது மேடைக்குக் கீழே நின்ற எனக்கே கேட்டது. பிரம்பு மேஜையிலேயே கிடந்தது. ஹாஜியார் எதிரில் அதைத் தொட ஹெட்மாஸ்டருக்குத் துணிச்சல் வரவில்லை.

வியாழக்கிழமை

நாள் மாறியது. இன்ஸ்பெக்டர் கையெழுத்து ஒன்றும் ஆகாயத்திலிருந்து விழுந்து யாரையும் கொல்லவில்லை.

அந்த முதல் வியாழக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு நிறைந்தாற்போல் இருக்கிறது. சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அலமாரியைத் திறந்தேன். வரிசை வராந்தாவை விட்டு இறங்கி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு, கேட் வரைக்கும் போயிற்று. குல்லாய் போட்டவன், போடாதவன், குல்லாயைப் பையில் வைத்திருப்பவன், எல்லாம் கலந்து. ஒருத்தனை ஒருத்தன் தள்ளிக்கொண்டு, "பேய் புக்கு எனக்கு, பேய் புக்கு எனக்கு" என்று ஒரே இரைச்சல். தெற்குப் பக்கமிருந்து காற்று வந்தது. அலமாரியில் அன்றைக்கு மிஞ்சியவை சுத்தம், சிக்கனம், காலையில் எழுந்திருப்பது, இந்த மூன்றும்தான்.

அப்போது ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து வெளியே வந்தார். வராந்தாத் தூண் பக்கத்தில் நின்றார். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். உள்ளே போய்விட்டார். வெட்கப்படுகிறார், போகட்டும் என்று விட்டேன். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் கபூர் என் வீட்டுக்கு வந்தான். இப்போது பெரிய ஆள், ராணிப்பேட்டையில் சொந்த ஷாப். ஆனாலும் என் எதிரில் உட்கார மாட்டான். அவனுடைய மகன் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். இந்தப் பத்திரிகையில் வந்த அந்த வரியைப் படித்துவிட்டு, "உங்க காலத்துல நம்மாளுங்க யாரும் புக்கே தொட்டதில்லியாமே" என்று தகப்பனைக் கேட்டானாம்.

"நீ இன்னா சொன்ன?" என்றேன்.

"இன்னா சார் சொல்றது? அச்சுல வந்துடுச்சே" என்றான் கபூர்.

ஹெட்மாஸ்டர் அவர்களே, அச்சில் போட்டது நீங்கள். வேலூரில்தான் இருக்கிறீர்கள், இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது. முன்ஷி காலமாகிவிட்டார், ஹாஜியாரும் காலமாகிவிட்டார். அதனால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் கேட்கிறேன். அந்த வியாழக்கிழமை சாயங்காலம், வராந்தாத் தூண் பக்கத்தில் நின்று, கேட் வரைக்கும் போன அந்த வரிசையை உங்கள் இரண்டு கண்ணாலும் பார்த்தீர்களா, இல்லையா? எனக்குத் தனியாகக் கடுதாசி போட வேண்டாம். பொய் எங்கே வந்ததோ அங்கேயே, இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, கபூரின் மகன் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.